மூத்த நாய்கள் போன வீட்டுக்கு ஒரு மேய்ப்பு நாய்: நீலகிரியில் தத்தெடுப்பவர்களுக்கு

12, 14 வயது வரை வாழ்ந்த நாய்கள் அடுத்தடுத்துப் போய்விட்டால், வீட்டில் அவற்றின் இடம் மட்டுமா காலியாகிறது? அவற்றின் கடைசிக் காலத்தில் வீட்டின் ஒழுங்கும் தளர்ந்திருக்கும். கேட் தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடக்கும். கிழ நாய் எங்கே போகப்போகிறது என்று வேலி ஓட்டையை யாரும் அடைத்திருக்க மாட்டார்கள். காலை நடை தெருமுனையோடு நின்றிருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு 2, 3 வயதுள்ள, கோலி என்ற மேய்ப்பு இனத்தின் கலப்பு நாயையோ ஜெர்மன் ஷெப்பர்டையோ கொண்டுவந்தால் முதல் வாரமே அது அத்தனை ஓட்டைகளையும் கண்டுபிடித்துவிடும். காப்பகத்திலிருந்து போன மேய்ப்பு நாய்கள் திரும்பி வருவதற்குக் குணம் மட்டுமே காரணமில்லை. வீடு இன்னும் பழைய நாய்க்கு ஏற்றபடியே இருந்துவிடுகிறது, அதுவும் ஒரு காரணம். அதனால் நாயைப் பார்க்கப் போகும் முன் வீட்டைப் பாருங்கள்.

போன நாய் எதனால் போனது?

எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்பது இதைப் பொறுத்தது. மனசு ஆறுவதற்கான காலம் வேறு, கிருமி சாவதற்கான காலம் வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

சிறுநீரகம், இதயம், புற்றுநோய், முதுமை என்றால் வீட்டில் தடை எதுவும் இல்லை. கிண்ணத்தையும் படுக்கையையும் கொதிநீரில் அலசி வெயிலில் காயவைத்தால் போதும். ரத்த வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸ் என்றால் கவனம் தேவை. அந்த வைரஸ் மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். சிமெண்ட் தரையைச் சுத்தமாகக் கழுவியபின் 1 பங்கு ப்ளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் ஊறவிடுங்கள். மலம் ஒட்டியிருந்தால் ப்ளீச் வேலை செய்யாது. தோட்டத்து மண்ணுக்கு ப்ளீச்சால் பயனில்லை. அந்த வீட்டுக்குக் குட்டி வேண்டாம், தடுப்பூசி முடித்த வளர்ந்த நாய் வரலாம். நாய்களின் இன்னொரு தொற்றுநோயான டிஸ்டெம்பரின் வைரஸ் வெளியில் அவ்வளவு காலம் தாங்காது. உதகைக் குளிரில் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும் என்பதால் வீட்டைக் கழுவி ஒரு மாதம் விட்டால் நல்லது.

எலிக் காய்ச்சல் என்றால் எலியை ஒழிக்காமல் புது நாயைக் கொண்டுவராதீர்கள். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் அந்தக் கிருமி வாரக்கணக்கில் இருக்கும், மனிதர்களுக்கும் தொற்றும். வெறிநோய் சந்தேகம் இருந்திருந்தால் அடுத்த நாயைப் பற்றிப் பேசும் முன் எச்சில் பட்ட எல்லாரும் தடுப்பூசி போட்டு முடிக்க வேண்டும்.

உண்ணிக் காய்ச்சலில் போன வீடுகளில்தான் தவறு அதிகம் நடக்கிறது. நாய் போனதும் உண்ணியும் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். பழுப்பு நாய் உண்ணி சுவர் விரிசலிலும் பலகை இடுக்கிலும் ரத்தம் குடிக்காமலேயே மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். டார்ச் அடித்து, நாய் படுத்த இடத்துக்கு மேலே சுவரைக் கூரை வரை பாருங்கள். விரிசல்களைச் சிமெண்ட் பூசி அடையுங்கள். பழைய சாக்கு, கம்பளி எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள்.

மிச்சமிருக்கும் பழைய மருந்துகளை வைத்துக்கொள்ளாதீர்கள். அவற்றில் சில மேய்ப்பு நாய்க்கு ஆபத்தாகலாம், ஏன் என்பது கீழே வருகிறது.

வேலியும் இரவும்

வேலி 5 முதல் 6 அடி உயரம் இருக்கட்டும். அடிப்பக்கம் ஓரடி வலையை உள்பக்கமாக மடக்கித் தரையில் படுக்கவைத்துக் கல்லோ மண்ணோ போட்டு மூடுங்கள். தோண்டும் நாய் வேலி ஓரத்தில்தான் தோண்டும், அங்கே வலை தட்டுப்பட்டால் விட்டுவிடும். கேட்டுக்கு உள்ளே நாலடி தள்ளி இன்னொரு சிறு கேட் வைக்க முடிந்தால் வையுங்கள். பால்காரர் கேட்டைத் திறக்கும் நொடியில் வெளியே பாய்ந்து தொலையும் நாய்கள் பல.

வேலி நாயைத் தடுக்கும், சிறுத்தையைத் தடுக்காது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் வாசலில் கட்டிய நாயைச் சிறுத்தை தூக்கிப்போவது எல்லாரும் அறிந்ததே. சங்கிலியில் கட்டிய நாயால் ஓடக்கூட முடியாது. புது நாய்க்குப் படுக்கை வீட்டுக்குள்ளேதான். வெளிக்கூண்டுதான் வழி என்றால் மேலேயும் கம்பிக்கூரை, வெல்டிங் செய்த கனமான கம்பி, சிமெண்ட் தரை வேண்டும். கோழிவலை பயன்படாது. மாலை இருட்டும் முன் ஒருமுறை வெளியே விடுங்கள். அதற்குப் பிறகு போக வேண்டுமென்றால் கயிற்றோடு, டார்ச்சோடு, விளக்கு எரியும் இடத்துக்கு மட்டும். காலையில் நன்றாக விடிந்த பிறகே கதவைத் திறங்கள்.

எந்த நாய்?

போன நாயின் நிறத்தையும் முகத்தையும் தேடாதீர்கள். பழைய பெயரையும் வைக்காதீர்கள். அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் வீட்டார் பழைய நாயின் நிதானத்தை எதிர்பார்ப்பார்கள், புது நாய் திட்டு வாங்கும். இரண்டு போனதால் இரண்டு என்றும் எடுக்க வேண்டாம். சேர்ந்து வரும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும், உங்கள் பேச்சு காதில் விழாது. ஒன்று நிலைபெற்று ஆறு மாதம் கழித்து அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம்.

இங்கே காப்பகங்களுக்கு வரும் மேய்ப்பு நாய்கள் பெரும்பாலும் ஜெர்மன் ஷெப்பர்டு, கோலி ஆகியவற்றின் கலப்புகள். 2 முதல் 5 வயது நாய் நல்ல தேர்வு, குணம் வெளியே தெரிந்திருக்கும். காப்பகத்தில் கேட்க வேண்டியவை: யார் விட்டது, ஏன் விட்டார்கள், யாரையாவது கடித்திருக்கிறதா, ஆடு, கோழி, சிறு பிள்ளைகளைப் பார்த்தால் என்ன செய்கிறது? பிறகு நாயின் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். முகமும் உடம்பும் பெரும்பாலும் வெள்ளையாக, சாம்பல் திட்டு ஒன்றிரண்டு மட்டும் இருக்கும் கோலி வகைகளில் காது கேளாமையும் கண் குறையும் உண்டு. அவையும் நல்ல நாய்கள்தாம், ஆனால் தெரிந்தே எடுக்க வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்டைப் படுக்கவைத்து எழுப்பிப் பாருங்கள். பின்கால் இரண்டையும் ஒன்றாகத் தூக்கி முயல் போலத் தாவி ஓடினால் இடுப்பை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

ஊசி போடும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டியது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு, அவற்றின் கலப்புகள் ஆகியவற்றில் எம்டிஆர்1 என்ற மரபணுக் குறை பரவலாக உண்டு. கோலிகளில் 10-க்கு 7 நாய்களிடம் குறையுள்ள மரபணுவின் ஒரு பிரதியாவது இருக்கும். ஜெர்மன் ஷெப்பர்டில் 10-க்கு ஒன்று அளவுக்கு. பார்டர் கோலியில் அரிது. மூளைக்குள் நுழையும் சில மருந்துகளை வெளியே தள்ளும் புரதம் இந்த நாய்களிடம் வேலை செய்வதில்லை. மருந்து மூளையிலேயே தங்கிவிடுகிறது.

சொறிக்கும் உண்ணிக்கும் நம் ஊரில் சர்வசாதாரணமாகப் போடும் ஐவர்மெக்டின் ஊசி இந்த நாய்களைக் கொல்லும். இதயப்புழுத் தடுப்புக்குக் கொடுப்பது கிலோவுக்கு 6 மைக்ரோகிராம், அது ஆபத்தில்லை. சொறிக்குக் கொடுப்பது கிலோவுக்கு 300 முதல் 600 மைக்ரோகிராம். ஊசி போட்ட சில மணி நேரத்தில் நாய் தள்ளாடும், எச்சில் வடியும், கண்பாவை விரியும், சுவரில் முட்டும், பிறகு நினைவு தப்பும். மாற்று மருந்து கிடையாது. டிரிப் ஏற்றி, புரட்டிப் போட்டு, நாள்கணக்கில் காப்பாற்ற வேண்டும்.

இதே ஆபத்து குதிரைச் சாணத்திலும் இருக்கிறது. குடற்புழுவுக்கு ஐவர்மெக்டின் கொடுத்த குதிரை, ஆடு, மாட்டின் சாணத்தில் மருந்து அப்படியே வெளியே வரும். உதகை ஏரிப் பக்கமும் சாலைகளிலும் குதிரைகள் திரிகின்றன, மேய்ப்பு நாய்களுக்கோ சாணம் தின்னும் பழக்கம் உண்டு. நடையின்போது தலை கீழே போனவுடன் கயிற்றை இழுத்துவிடுங்கள்.

ஐவர்மெக்டின் தவிர மூன்று வகை மருந்துகளை நினைவில் வையுங்கள். மனிதர்களுக்கு வயிற்றுப்போக்கு நிற்கக் கடையில் தரும் லோபராமைடு கூடவே கூடாது. மயக்கத்துக்குத் தரும் அசெப்ரோமசின், பியூட்டார்பனால் ஆகியவற்றின் அளவைக் குறைக்க வேண்டும், கருத்தடை அறுவைக்கு முன் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். பிறப்புறுப்புக் கட்டியோடு மீட்கப்படும் நாய்களுக்கு வாரம் ஒருமுறை ஏற்றும் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி அனுப்பினால் மரபணுச் சோதனை செய்துதரும் ஆய்வகங்கள் இருக்கின்றன. சோதிக்கும் வரை குறை இருப்பதாகவே வைத்துக்கொண்டு, நாயின் மருத்துவ அட்டையின் முதல் பக்கத்தில் ‘ஐவர்மெக்டின் கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதுங்கள். சொறிக்கும் உண்ணிக்கும் ஃப்ளூரலேனர், அஃபாக்சோலேனர் மாத்திரைகள் இருக்கின்றன. வலிப்பு வந்த நாய் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மற்றபடி முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எண்ணிக்கை, உண்ணிக் காய்ச்சலுக்கான விரைவுச் சோதனை, மலப் பரிசோதனை ஆகிய மூன்றும் வேண்டும். தடுப்பூசி விவரம் தெரியாவிட்டால் வெறிநோய் ஊசியும், பார்வோ, டிஸ்டெம்பர் முதலியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியும் போட்டு, 3, 4 வாரம் கழித்துக் கூட்டு ஊசியை மறுபடி போட வேண்டும். எலிக் காய்ச்சல் ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும். ஆட்டுக் குடல், ஈரல், நுரையீரலைப் பச்சையாகப் போடாதீர்கள். அதிலிருந்து நாய்க்கு வரும் நாடாப்புழு, அதன் மலம் வழியே வீட்டாருக்கு ஈரலில் நீர்க்கட்டியாக வந்து சேரும்.

மலையேற்றமும் முதல் மூன்று வாரமும்

கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ நாய் வருகிறதென்றால் மேட்டுப்பாளையத்துக்கு 6 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுக்கலாம். குன்னூர்ப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு நிறைந்த நாய் நிச்சயம் வாந்தியெடுக்கும். முதல் நாளே வண்டியை வெறுத்துவிட்டால் பிறகு டாக்டரிடம் கொண்டுபோவது பெரும்பாடு. மார்புப்பட்டை ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. பயந்த நாய் பின்வாங்கி நெளிந்தால் ஒற்றைப் பட்டை கழன்றுவிடும். கயிறு இரண்டும் கையில் வந்த பிறகே கார்க் கதவைத் திறங்கள்.

முதல் மூன்று நாள் விருந்தாளிகள் வேண்டாம், குளியல் வேண்டாம். சாப்பாடு, நடை, படுக்கை மூன்றும் ஒரே நேரம், ஒரே இடம். காப்பகத்தில் தின்றதையே கொடுத்து, 7 முதல் 10 நாளில் கால் பங்கு கால் பங்காக மாற்றுங்கள். வீட்டில் இன்னொரு கிழ நாய் இருந்தால் 14 நாள் தனியறை. டிஸ்டெம்பர் உள்ளே ஒளிந்திருந்தால் அதற்குள் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். பிறகு சாலையில் பத்தடி இடைவெளியில் இருவரையும் ஒரே திசையில் நடத்திப் பழக்குங்கள். இளம் மேய்ப்பு நாய் கிழ நாயை வெறித்துப் பார்த்தே மூலையில் மடக்கும். சண்டை இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், அந்தப் பார்வையே கிழ நாய்க்கு வாதை. உடனே நடுவில் போய் நில்லுங்கள்.

துரத்தும் குணம்

குனிந்து பதுங்குவது, வெறிப்பது, சுற்றி வளைப்பது, குதிங்காலைக் கவ்வுவது எல்லாம் ஆட்டுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த குணங்கள். ஆடு இல்லாத வீட்டில் அவை பைக், பேருந்து, ஓடும் பிள்ளைகள் மீது திரும்பும். அடித்தால் நிற்காது. பைக் வரும்போது அடியும் வருகிறது என்று கற்றுக்கொண்டு பைக்கை இன்னும் வெறுக்கும்.

வண்டியைப் பார்த்தும் நாய் இழுக்காத தூரத்தைக் கண்டுபிடியுங்கள். 50 மீட்டரோ, தேயிலைச் சரிவின் மேலிருந்து கீழே சாலை தெரியும் இடமோ. வண்டி கண்ணில் பட்டவுடன் அவித்த கோழித்துண்டு ஒன்று, சுண்டுவிரல் நகம் அளவு. வண்டி மறைந்ததும் கொடுப்பதை நிறுத்துங்கள். சில நாளில் வண்டியைக் கண்டதும் நாய் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அப்போதுதான் ஐந்து மீட்டர் நெருங்கலாம். அவசரப்பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தினம் தலா 45 நிமிடம் இரண்டு நடை, அதோடு ஐந்தைந்து நிமிடமாக மூன்று முறை பயிற்சி, ஒரு வேளைச் சாப்பாட்டைப் புல்லில் தூவி மோப்பத்தால் தேடவிடுவது. இது போதும். மணிக்கணக்கில் பந்து எறியாதீர்கள். அது நாயைக் களைப்பாக்குவதைவிட வெறியேற்றுகிறது. அக்கம்பக்கத்து ஆடுகளிடம் ‘பழகட்டும்’ என்று விடவும் கூடாது, துரத்தப்பட்ட சினையாட்டுக்குக் கரு கலைந்துவிடும்.

கயிறில்லாமல் காட்டோரம் விடவே கூடாது. காட்டுமாட்டையும் கரடியையும் குரைத்துச் சீண்டிவிட்டு நாய் நேராக உங்களிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே அதுவும் வரும். காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கண்ணியும், கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காயும் எஸ்டேட் ஓரங்களில் இருக்கின்றன. காப்புக்காட்டுக்குள் நாயைக் கூட்டிப்போவது குற்றம். செந்நாய்களுக்கு நம் நாய்களிடமிருந்து டிஸ்டெம்பர் பரவவும் கூடும். 10 மீட்டர் நீளக் கயிற்றில், வேலியடைத்த தோட்டத்தில் கூப்பிட்டால் வரப் பழக்குங்கள்.

தென்மேற்கு மழையில் தினமும் காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் சீப்பு போடுங்கள், அங்கேதான் முடி சிக்கி ஈரம் நின்று புண்ணாகும். மொட்டையடிக்காதீர்கள், உள்முடி இந்தக் குளிருக்குத் தேவை. மூக்கிலிருந்து விட்டுவிட்டு ரத்தம் வந்தால் அட்டையாக இருக்கலாம், உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். ஈறு வெளுத்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

நாய் யாரையாவது கடித்துவிட்டால் காயத்தை 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போடத் தொடங்குங்கள். நாயை 10 நாள் கண்காணியுங்கள். அதோடு காப்பகத்துக்கும் சொல்லிவிடுங்கள், எது நடந்தபோது கடித்தது என்ற விவரத்தோடு. மூன்று மாதத்துக்குள் ஒத்துவரவில்லை என்றால் தெருவிலோ தெரிந்தவர் எஸ்டேட்டிலோ விடாமல் அதே காப்பகத்திடமே திருப்பிக் கொடுங்கள். தத்தெடுக்கும்போதே இந்த வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.