மவுண்டன் பைக்கின் 'டிக், டிக்' ஒலி: என் அனுபவம்

கொழும்பை அடுத்த தலங்கம வாவியருகே மண்பாதைகளில் மிதிக்கும்போதெல்லாம் என் மவுண்டன் பைக்கின் நடுப்பகுதியில் கேட்ட 'டிக், டிக்' ஒலி ஒருவழியாக நின்றுவிட்டது. பெடல்களைக் கழற்றிக் கிரீஸ் பூசியும், பழுதுபார்ப்பவர் சொன்னபடி பெடல் கைகள் பொருந்தும் நடு அச்சின் பேரிங்கையே மாற்றியும் பயன் இருக்கவில்லை. எழுந்து நின்று மிதித்தபோதும் ஒலி தொடர்ந்ததால் இருக்கைத் தண்டின் மீதிருந்த ஐயம் நீங்கியது. மிதிக்காமல் உருளவிட்டால் ஒலி இல்லை. பின்சக்கரத்தின் பெரிய பற்சக்கரத்தில் ஏற்றம் ஏறும்போதே அது மிகுந்தது. உள்ளீடற்ற அலுமினியச் சட்டகத்தில் பின்னால் எழும் ஒலியும் நடுவில் எழுவதுபோலவே கேட்கக்கூடும். பின் கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் என்ற சிறு தகட்டைக் கழற்றியபோது, அதற்கும் சட்டகத்துக்கும் இடையில் நுண்மணலும் அலுமினியம் அரித்த வெள்ளைப் பொடியும் படிந்திருந்தன. கொழும்பின் உப்புக்காற்றில் இது வியப்பன்று. இரு பரப்புகளையும் துடைத்து, மெல்லிதாகக் கிரீஸ் பூசித் திருகாணியை இறுக்கியதும் ஒலி நின்றது. கியரை மட்டும் பிறகு சற்றுச் சரிசெய்ய வேண்டியிருந்தது.