பழைய நாவலில வாற சாதித் திட்டுகளைப் பள்ளிக்கூடப் பதிப்பில என்ன செய்யிறது?

முதல்ல உரிமையைப் பாருங்கோ. இலங்கைச் சட்டப்படி எழுதினவர் செத்து 70 வருசத்துக்குப் பதிப்புரிமை இருக்கு. சாதிக்கொடுமையைப் பற்றி எழுதின ஈழத்து எழுத்தாளர் கே. டானியல் காலமானது 1986ல, அப்ப அவற்ர 'பஞ்சமர்' மாதிரி நாவலில உரிமைக்காரரிட்டக் கேக்காம ஒரு வரியும் மாத்தேலாது.

அடுத்தது, திட்டுறது ஆர் எண்டு பாக்கோணும், முழு வேலையும் இதிலதான் கிடக்கு. கதை சொல்லுறவரே போறபோக்கில ஒரு சாதியையோ ஊனத்தையோ இளக்காரமாச் சொல்லியிருந்தா அது அந்தக் காலத்துப் பழக்கம், மாத்தினா கதைக்கு ஒண்டும் குறையாது. ஆனா கதையில வாற முதலாளி திட்டுறான் எண்டா அது அவன்ர குணம், அதை வெட்டினா அவன் நல்லவனாகிடுவான், பிறகு மற்றச் சனம் ஏன் கோயில் வாசலில நிண்டு போராடுது எண்டு பெடியளுக்கு விளங்காது.

உதாரணத்துக்கு, "டேய் இன்னானே, படலைக்கு வெளியில நில்லடா" எண்டு ஒரு வரி எண்டு வையுங்கோ, 'இன்னானே' எண்ட இடத்தில ஒரு சாதிப்பேர் இருக்கு. சாதிப்பேருக்கு முதலெழுத்தும் புள்ளியும் போடலாம். 'டேய்', 'நில்லடா' ரெண்டையும் தொடாதேங்கோ, ஏனெண்டா திட்டு வாங்கிறவருக்கு அறுபது வயசு, திட்டுறவன் இருவது வயசுப் பெடியன், அவர் திருப்பி மரியாதையா 'நயினார்' எண்டுறார். 'ஐயா, தள்ளி நில்லுங்கோ' எண்டு மாத்தினா அந்தக் காலமே பொய்யாப் போயிடும்.

வேற சொல்லு போடுறதும் லேசில்ல. 2011ல அமெரிக்காவில மார்க் ட்வைன் எழுதின ஹக்கிள்பெரி ஃபின் நாவலுக்கு ஒரு பதிப்பு வந்தது, கறுப்பாக்களை இழிவாச் சொல்லுற சொல் இருநூறு தரத்துக்கு மேல வருது, அதுக்குப் பதிலா 'அடிமை' எண்டு போட்டவை. ஆனா அந்தக் கதையில ஓஹியோவில இருந்து வந்த, அடிமையே இல்லாத கறுப்புப் பேராசிரியர் ஒருத்தரையும் கதாநாயகன் ஹக்கின்ர தகப்பன் அதே சொல்லாலதான் திட்டுறான், அங்க 'அடிமை' எப்பிடிப் பொருந்தும்?

கொம்பியூட்டரில ஒரேயடியா மாத்துற வேலை வேண்டாம். பழைய ஃபைல் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில இருந்தா யுனிகோட்டுக்கு மாத்திப்போட்டுத் தேடுங்கோ, ஒவ்வொரு இடமா வாசிச்சு மாத்துங்கோ, சில சாதிப்பேரின்ர எழுத்து 'பள்ளம்' மாதிரிச் சாதாரணச் சொல்லுக்குள்ளயும் கிடக்கும், வேற்றுமை உருபும் ஒட்டியிருக்கும்.

மாத்தின ஒவ்வொண்டையும் பக்கத்தோட எழுதி வையுங்கோ. புத்தகத்தின்ர முன்பக்கத்தில 'இது மாத்தின பதிப்பு' எண்டு கட்டாயம் போடோணும், ஒளிச்சுச் செய்யிறது எனக்குப் பிடிக்காது. பின்னால ஒரு பக்கத்தில சாதியைக் காட்டி ஆக்களை ஒதுக்கிறதைத் தடுக்க 1957ல வந்த சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், 1968ல யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் பிரவேசப் போராட்டம் பற்றிச் சுருக்கமாச் சொன்னாக் காணும்.

ஆசிரியருக்கும் ஒரு குறிப்பு வையுங்கோ: அந்த வரியளை வகுப்பில தான்தான் வாசிக்கோணும், பிள்ளையளை எழுப்பி வாசிக்க விடக்கூடாது, பாத்திரம் பிரிச்சு நடிக்கவும் விடக்கூடாது.