துபாயில் வீடு கிளீனிங் வேலையா? கையெழுத்துக்கு முன்னால் அடிப்படைச் சம்பள வரியைப் பாருங்கள்

லீவில் பெரியபட்டினம் வந்திருந்தபோது பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு தாளோடு திண்ணைக்கு வந்தான். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் கடன் வேறு, அதனால் ஏஜென்ட்டைப் பிடித்து துபாயில் ஒரு கிளீனிங் கம்பெனிக்கு வேலை பார்த்திருக்கிறான். "காக்கா (அண்ணா), மாசம் 1,200 திர்ஹமாம், போகலாம்ல?" என்றான். 1,200 என்பது உண்மைதான். ஆனால் அதில் அடிப்படைச் சம்பளம் 600, மீதி 600 அலவன்ஸ் என்று பிரித்துப் போட்டிருந்தார்கள். அந்த வரியில் அவன் கண் போகவே இல்லை. என் முதல் சபரில் (வெளிநாட்டுப் பயணத்தில்) நானும் அதைப் பார்க்காமல்தான் கையெழுத்துப் போட்டேன், கணக்கு முடித்துக் கொடுத்த அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் தெரிந்தது.

வேலையை விட்டு வரும்போது கிடைக்கிற பணிக்கொடை, ஓவர்டைம் இரண்டும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். ஒரு வருஷம் முடித்தவருக்கு, முதல் ஐந்து வருஷம் வரை வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். 600 என்றால் ஒரு நாளுக்கு 20 திர்ஹம், வருஷத்துக்கு 420, ஐந்து வருஷத்துக்கு 2,100. அதே 1,200 சம்பளத்தில் அடிப்படையை 900 என்று எழுதியிருந்தால் 3,150. ஓவர்டைமுக்கு 25 சதவீதம் கூடுதல் (இரவு 10 முதல் காலை 4 வரை என்றால் 50). 600-இல் அது மணிக்கு 3 திர்ஹம் சொச்சம், 900-இல் நாலரைக்கும் மேல். வீடு கிளீனிங்கில் ஓவர்டைம் இல்லாத வாரம் அபூர்வம், அதனால் பேரம் பேசுவதென்றால் மொத்தத் தொகையைப் பற்றிப் பேசாதீர்கள், அந்த ஒரு வரியைப் பற்றிப் பேசுங்கள்.

அடுத்து, நீங்கள் யாருடைய ஆள் என்று பாருங்கள். கம்பெனி ஆளாக வீடு வீடாகப் போகிறவருக்கு அமீரகத்தின் 2021-ஆம் வருஷத்து 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம்: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. வீட்டுப் பணியாளர் என்று விசா அடித்தால் 2022-இன் 9-ஆம் எண் சட்டம். அதில் நாளுக்கு 12 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி சேர்ந்தாற்போல, வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. இரண்டும் வேறு வேறு. கம்பெனி வேலை என்று வாயால் சொல்லிவிட்டு தாளில் வீட்டுப் பணியாளர் என்று இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். காலையில் ஒரு வில்லா, மதியம் ஒரு ஃபிளாட் என்று வேனில் சுற்றுகிற நேரம் வேலை நேரத்தில் சேருமா, பொருள் உடைந்தால் யார் பொறுப்பு, இதையும் எழுதி வாங்குவது நல்லது.

ஆஃபர் லெட்டரை அமீரகத் தொழிலாளர் அமைச்சகம் அரபி, ஆங்கிலத்தோடு தமிழிலும் வைத்திருக்கிறது. தமிழில் கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்படாதீர்கள். ஊரில் காட்டிய ஆஃபரும் அங்கே போய்ப் போடுகிற ஒப்பந்தமும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு எண் மாறினாலும் கையெழுத்து வேண்டாம். வெற்றுத் தாளில் எக்காரணத்துக்கும் போடாதீர்கள். விசிட் விசாவில் வா, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றால் போகவே வேண்டாம்.

விசா செலவு முதலாளியுடையது, சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. இங்கே பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்பது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், அதற்கு ரசீது உண்டு. தம்பியிடம் கேட்டது ஒன்றரை லட்சம். பத்தாவது முடிக்காமல் ஈசிஆர் பாஸ்போர்ட்டில் (வெளிநாட்டு வேலைக்கு அரசு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்) போகிறவர்கள் இந்திய அரசின் இமைக்ரேட் இணையதளம் வழியாகத்தான் போக வேண்டும், அதோடு 10 லட்சம் ரூபாய் காப்பீடும் வரும். ஈசிஆர் பாஸ்போர்ட் உள்ள பெண்களுக்கு 30 வயது முடிந்திருக்க வேண்டும். வயதைக் கூட்டிச் சொல்லி அனுப்புகிறேன் என்பவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள், மாட்டினால் மாட்டுவது அந்தப் பெண்தான்.

சோதனைக் காலம் ஆறு மாசத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் விட்டு ஊருக்கு வருவதென்றால் 14 நாள், அங்கேயே வேறு கம்பெனி மாறுவதென்றால் ஒரு மாசம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். கோபத்தில் ரூமை விட்டு ஓடிவிடாதீர்கள். காரணம் சொல்லாமல் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வேலைக்கு வராவிட்டால் உங்கள் மேல் புகார் பதியலாம், அதற்குப் பிறகு நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் எடுபடுவது கஷ்டம். சம்பளம் வரவில்லை, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள் (சட்டப்படி வைக்கக் கூடாது) என்றால் அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் 80084 எண்ணுக்குப் பேசுங்கள்.

ஒப்பந்தத்தை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வீட்டில் படித்த ஒருவருக்கு அனுப்பிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தம்பி அவன் லாத்தாவுக்கு (அக்காவுக்கு) அனுப்பினான், அவள் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு முதலில் கேட்டதே அந்த 600-ஐத்தான்.