சிங் என்றால் ராஜ்புத்தா? ராஜபுத்திரர்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயர் 'சிங்' என்று முடிந்தால் ஒன்று சீக்கியர், இல்லாவிட்டால் ராஜ்புத், அதாவது ராஜபுத்திரர். நம்மில் பலர் இப்படித்தான் கணக்குப் போடுகிறோம். பிரதமர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சரண் சிங் ஜாட், வி.பி. சிங் ராஜ்புத், மன்மோகன் சிங் சீக்கியர். சந்திரசேகரும் ராஜ்புத்தான், ஆனால் நாம் அறிந்த அவர் பெயரில் சிங்கே இல்லை. வடக்கே பல சாதியினர் வைத்துக்கொள்ளும் பெயர் அது. ஓரளவுக்காவது தெரிய வேண்டுமென்றால் குலப்பெயரைக் கேட்க வேண்டும்: ரத்தோர், சிசோதியா, கச்வாஹா, பாட்டி, சவுகான்.

சவுக்கார்பேட்டையில் கடை வைத்திருக்கும் மார்வாடியை ராஜ்புத் என்று நினைப்பதும் இதே வகைத் தவறு. மார்வாட் என்பது ஜோத்பூர்ச் சீமை. அதை ஆண்டவர்கள் ரத்தோர்கள். மார்வாடி என்ற பேரில் வியாபாரத்துக்குக் கிளம்பி ஊர் ஊராகப் போனவர்கள் பெரும்பாலும் ஓஸ்வால், மகேஸ்வரி, அகர்வால் போன்ற வணிகச் சாதியினர். தலைப்பாகையும் அடையாளம் ஆகாது. ராஜஸ்தான் கிராமத்தில் எல்லாச் சாதிக்காரர்களும் தலைப்பாகை கட்டுகிறார்கள்.

ராஜ்புத் என்றதும் பாலைவனமும் கோட்டையும் மட்டும் கண்ணில் வந்து நிற்பதையும் விட்டுவிட வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் அவர்களை தாக்கூர் என்பார்கள், குஜராத்தில் தர்பார். இமாச்சல மலைகளிலும் ஜம்முவிலும் இருக்கிறார்கள். 1846-ல் காஷ்மீரையும் சேர்த்துப் பெற்று மகாராஜா ஆன குலாப் சிங் ஒரு டோக்ரா ராஜ்புத். எல்லைக்கு அந்தப் பக்கம், பாகிஸ்தான் பஞ்சாபில் பட்டி, ஜஞ்சுவா என்ற குலப்பெயர்களோடு முஸ்லிம் ராஜ்புத்கள் ஏராளம். சிந்து மாகாணத்தின் உமர்கோட்டில் சோடா குலத்தவர் இன்றும் இந்துக்களாகவே வாழ்கிறார்கள். நாடிழந்து அலைந்த ஹுமாயூனின் குடும்பத்துக்கு அந்த உமர்கோட்டின் ராணா அடைக்கலம் கொடுத்தார். 1542-ல் அக்பர் பிறந்தது அங்கேதான். ஆகவே 'ராஜ்புத் என்றால் இந்து, இந்து என்றால் முகலாயருக்குப் பகை' என்று கோடு போட்டுப் பேச வழியே இல்லை.

அந்தக் கோடு முழுசாக அழிந்துபோகும் இடம் ராஜஸ்தானின் ஹல்திகாட்டி. மஞ்சள் நிற மண் உள்ள கணவாய் என்பதால் அந்தப் பெயர். 1576 ஜூன் 18-ல் அங்கே நடந்த போரை இந்து, முஸ்லிம் போராகச் சொல்கிறவர்கள் யார் யார் களத்தில் நின்றார்கள் என்று ஒருமுறை பார்க்க வேண்டும். அக்பர் அங்கே இல்லை. அவருடைய படைக்குத் தலைமை தாங்கியவர் ஜெய்ப்பூருக்குப் பக்கத்து ஆம்பேரைச் சேர்ந்த மான் சிங், கச்வாஹா ராஜ்புத். எதிரே நின்ற மேவார் அரசர் மகாராணா பிரதாப்பின் படையில் முன்னணியில் இருந்தவர் ஹகீம் கான் சூர் என்ற ஆப்கானியர். மலையைக் கரைத்துக் குடித்த பீல் பழங்குடியினரும் பிரதாப் பக்கம் நின்றார்கள். உடனே மான் சிங்கைத் துரோகி ஆக்கிவிடவும் கூடாது. ஆம்பேர் சின்ன அரசு, சொந்தப் பங்காளிச் சண்டைகளால் நைந்து போயிருந்தது. 1562-லேயே தன் மகளை அக்பருக்குக் கட்டிக்கொடுத்து உறவு வைத்துக்கொண்டது. மேவாரோ பணிய மறுத்தது. பிரதாப் 1597-ல் சாகும்வரை பணியவில்லை. ஆனால் அவருடைய மகன் அமர் சிங் 1615-ல் ஜஹாங்கீரோடு சமாதானம் செய்துகொண்டார். பல ஆண்டுப் போரில் ஊர்கள் பாழாகிக் கிடந்ததைப் பார்த்தவர் அவர். எனக்கு அப்பாவின் பிடிவாதம் எவ்வளவு பெரிதோ, மகனின் முடிவும் அவ்வளவு பெரிது.

சித்தூர் ராணி பத்மினிக்காகவே கில்ஜி படையெடுத்தார் என்ற கதையில் இன்னும் கவனம் வேண்டும். அலாவுதீன் கில்ஜி சித்தூரைப் பிடித்தது 1303-ல், அது வரலாறு. படையோடு போன கவிஞர் அமீர் குஸ்ரு அந்த முற்றுகையை எழுதியிருக்கிறார், பத்மினியின் பெயர் அதில் இல்லை. கவிஞர் ஜாயசி அவதி மொழியில் பத்மினியைப் பற்றிய பத்மாவத் காவியத்தை எழுதத் தொடங்கியது 1540-ல். இருநூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. அப்புறம், ஜௌஹரையும் சதியையும் ஒன்றாக எழுதுகிறார்கள். கோட்டை விழப்போகும் வேளையில் பெண்கள் கூட்டமாகத் தீயில் இறங்குவது ஜௌஹர். கணவனின் சிதையில் விதவை எரிவது சதி. இரண்டையும் வீரம் என்று புகழ்ந்து எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. 1987-ல் சீகர் மாவட்டம் தேவராலாவில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி கணவனின் சிதையில் எரிந்து போனாள். அதற்குப் பிறகுதான் சதியைப் புகழ்வதையும் குற்றமாக்கும் சட்டம் வந்தது.

அந்தச் சமூகத்துப் பெண்களைப் பற்றி வேறொன்று சொல்கிறேன். ஒரே குலத்துக்குள் கல்யாணம் கிடையாது. ரத்தோருக்கு ரத்தோர் பங்காளி முறை. அரச வீடுகளில் கட்டிக்கொண்டு வந்த பெண்ணைப் பிறந்த குலத்தின் பெயராலேயே அழைத்தார்கள். ஜைசல்மேரின் பாட்டி குலத்திலிருந்து ஜோத்பூருக்கு வாழ்க்கைப்பட்ட உமாதே, கடைசிவரை உமாதே பட்டியாணிதான். கணவர் மால்தேவோடு கோபித்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் பேசாமலே இருந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். 'ரூட்டி ராணி', அதாவது ஊடிய ராணி, என்றே பெயர் நின்றுவிட்டது.

எல்லா ராஜ்புத்தும் அரண்மனைக்காரர் என்பதும் பிழை. பெரும்பாலானோர் சாதாரண விவசாயிகள், சிப்பாய்கள். 1952-ல் ராஜஸ்தானில் ஜாகீர் (அரசர் கொடுத்த நில மானியம்) ஒழிப்புச் சட்டம் வந்தபோது நிலம் கைவிட்டுப் போனவர்களில் சின்னக் குடும்பங்களும் நிறைய. அதற்காக அவர்களை வெறும் பாவப்பட்டவர்களாகக் காட்டுவதும் சரியல்ல. தலித் மாப்பிள்ளை குதிரையேறி ஊர்வலம் போனால் மறிக்கும் கிராமங்கள் இன்னும் ராஜஸ்தானில் இருக்கின்றன, மறிப்பவர்களில் ராஜ்புத்களும் உண்டு. 1990-ல் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கான மண்டல் பரிந்துரையை நடைமுறைப்படுத்திய வி.பி. சிங்கும் அதே சாதியில் பிறந்தவர்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் அவருக்குச் சிலை இருக்கிறது.

கடைசியாக, நம் ஊர்த் தவறு ஒன்று. செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனைத் தமிழ் மன்னர் என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். அவர் தேஜ் சிங், புந்தேலா ராஜ்புத். தந்தை சொரூப் சிங்குக்குச் செஞ்சிக் கோட்டைப் பொறுப்பு கிடைத்ததே ஔரங்கசீப் காலத்தில்தான். கப்பப் பாக்கி தகராறில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து 1714-ல் இளம் வயதிலேயே போரில் மாண்டார். அவரைப் பற்றிய கதைப்பாடலில் தேசிங்குக்கு இணையாக நம் மக்கள் பாடி அழுதது, கல்யாணத்தைப் பாதியில் விட்டு நண்பனுக்காகக் குதிரையேறி வந்து உயிர்விட்ட முகமது கானுக்காக.