ஊருக்குப் போகிற சாக்கில் தலைக்கும் ஒரு வேலை

குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, கண்டாங்கிச் சேலை, மணகோலம், சீப்புச் சீடை என்று சிங்கப்பூரிலிருந்து காரைக்குடிப் பக்கம் போகிறவர்களிடம் ஒரு பட்டியல் எப்போதும் இருக்கும். இப்போது அதன் கடைசியில், பின்தலை முடியை எடுத்து வழுக்கையில் நடும் ஹேர் டிரான்ஸ்பிளான்டும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் சொல்லும் தொகையையும் மதுரையிலோ திருச்சியிலோ சொல்லும் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது, செய்துகொண்டேன். முடி நன்றாகவே முளைத்தது. நாள் குறித்ததில்தான் கோட்டைவிட்டேன்.

பள்ளத்தூரில் அப்பச்சிக்கு அறுபதாம் கல்யாணம். அதற்கு ஐந்து நாள் முன்னால் போய்ச் செய்துகொண்டேன். 'மறுநாளே எழுந்து நடக்கலாம்' என்று கிளினிக்கில் சொன்னது பொய்யில்லை, நடக்க முடிந்தது. ஆனால் மூன்றாம் நாள் நெற்றி வீங்கியது, நான்காம் நாள் அந்த வீக்கம் கண்ணுக்கு இறங்கியது. மரத்துப்போவதற்காகத் தலையில் ஏற்றிய மருந்து நீர் கீழே வடிவதால் இது பலருக்கும் வரும், ஒரு வாரத்துக்குள் தானே வற்றிவிடும். அப்பத்தாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? 'என்னய்யா, தேனீ கொட்டிருச்சா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போட்டோ அத்தனையிலும் பாதிக் கண்ணோடுதான் நிற்கிறேன்.

அதனால் முதலில் நாட்காட்டியைக் கையில் எடுங்கள். நட்ட இடத்தில் படியும் பொருக்கு உதிர ஏழு முதல் பத்து நாள் ஆகும். அப்புறம் நட்ட முடியே கொட்டத் தொடங்கும். இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் பெரும்பாலும் கொட்டிவிடும். பயப்பட வேண்டாம், வேர்க்கால் உள்ளேயேதான் இருக்கிறது. மூன்றாவது, நான்காவது மாதத்தில் மெல்லிசாக முளைக்கும், முழுசாகத் தெரிய ஓராண்டு ஆகும். தம்பி கல்யாணத்துக்குத் தலை நிறைய முடியோடு நிற்க வேண்டுமென்றால் அதற்கு முந்தைய வருடப் பயணத்தில் செய்திருக்க வேண்டும். இந்தப் பயணத்திலேயே விசேஷம் இருந்தால், விசேஷத்தை முடித்துவிட்டு மறுநாள் கிளினிக்குக்குக் கிளம்புங்கள். சிகிச்சைக்கும் திரும்பும் விமானத்துக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு நாளாவது கையில் இருக்கட்டும். பின்தலையில் தோலைப் பட்டையாக வெட்டி எடுக்கும் எஃப்.யூ.டி. முறை என்றால் தையல் பிரிக்கவே பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். வேர்க்கால்களை ஒவ்வொன்றாக எடுக்கும் எஃப்.யூ.ஈ. முறையில் தையல் கிடையாது. விடுப்பு மூன்று வாரம்தான் என்கிறவர்களுக்கு அதுதான் தோது.

மொட்டை நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறவர்களுக்கு ஒரு சங்கடம். முடி இறக்கிவிட்டு நேரே மருத்துவரிடம் போனால், எங்கே அடர்த்தி, எங்கே மெலிவு என்று அவரால் பார்க்க முடியாது. எஃப்.யூ.ஈ. முறையில் எடுப்பதற்கும் ஓரிரு மில்லிமீட்டர் முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே தலையைக் காட்டி ஆலோசனை கேட்பது முதலில், மொட்டை அப்புறம். சிகிச்சை முடிந்தபின் மொட்டை என்றால் பல மாதம் பொறுக்க வேண்டும். எப்போது கத்தி வைக்கலாம் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதை மட்டும் நம்பாதீர்கள். கத்தி தோலுக்கு மேலேதான் ஓடுகிறது, வேர்க்கால் அதற்குக் கீழே கிடக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு வட்டிக்கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். பின்தலை முடிதான் முதல், அதாவது மூலதனம். ஆண்களின் வழுக்கைக்குக் காரணமான டி.எச்.டி. ஹார்மோன் அந்த முடியை அவ்வளவாகத் தொடாது, முன்னால் கொண்டுவந்து நட்டாலும் அந்தக் குணம் மாறாது. ஆனால் எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. முதலிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறோம், இதற்கு வட்டி வராது. இருபத்திரண்டு வயதில் நெற்றியோரத்தைத் தாழ்வாக வரைந்து இரண்டாயிரம், மூவாயிரம் கிராஃப்ட் (எடுத்து நடும் வேர்க்கால் கொத்து) கொட்டிவிட்டால், நாற்பதில் உச்சந்தலை காலியாகும்போது ஐந்தொகையில் மிச்சம் இருக்காது. நடாத பழைய முடி தன் பாட்டுக்கு உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். அதைக் காக்க மினாக்சிடில், ஃபினாஸ்டிரைடு என்று மருந்துகள் உண்டு. ஃபினாஸ்டிரைடு சிலருக்குப் பாலுறவு சார்ந்த பக்கவிளைவு தரும், மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். வட்டவட்டமாகக் கொட்டும் புழுவெட்டுக்கு நடுவது பொதுவாகப் பொருந்தாது. பெண்களுக்குத் தலை முழுக்க மெலிந்தால் முதலில் தைராய்டும் இரும்புச்சத்தும் பார்க்க வேண்டும்.

யாரிடம் போவது? 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்யலாம், யூடியூபிலும் பயிலரங்கிலும் பார்த்தது பயிற்சியாகாது என்று அதிலேயே இருக்கிறது. எம்.டி. தோல் மருத்துவமா, எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரியா என்று கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். 'எடுப்பது யார், துளை போடுவது யார், நடுவது யார், நீங்கள் எவ்வளவு நேரம் அறையில் இருப்பீர்கள்?' இந்தக் கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். 2016-இல் சென்னையில் உரிமம் இல்லாத ஓரிடத்தில் இதைச் செய்துகொண்டு இறந்துபோனவர் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர். மருத்துவம் படித்தவரே ஏமாந்த விஷயம் இது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை எதையும் மறைக்காதீர்கள்.

காசைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, ஹேர் டிரான்ஸ்பிளான்டுக்கு அந்த விலக்கு கிடையாது. சொன்ன தொகையில் பதினெட்டு சதவீதம் சேர்ந்திருக்கிறதா என்று முன்பணம் கட்டுமுன் கேளுங்கள். 'இன்னிக்கே கட்டினால் தள்ளுபடி' என்கிற இடத்தில் நான் கட்டமாட்டேன்.

செட்டிநாட்டு வீட்டில் தங்குவதில் ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் உண்டு. முதல் சில நாள் தலையை உயர்த்தியபடி தூங்கச் சொல்வார்கள். முகப்பில் கிடக்கும் ஐயாவின் சாய்வு நாற்காலி அதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். நான் நாலு ராத்திரி அதில்தான் தூங்கினேன். ஆபத்து, நிலைவாசல். எங்கள் வீட்டில் பட்டாலையிலிருந்து இரண்டாங்கட்டுக்குப் போகும் நிலை குட்டை, தேக்கு மரம் வேறு. ஆறாம் நாள் 'சாப்பிட வாடா' என்ற குரலுக்கு ஓடினேன். நல்லவேளை, இடித்தது பின்தலை ஓரம். நட்ட இடத்தில் பட்டிருந்தால் சில கிராஃப்ட் இரத்தத்தோடு பெயர்ந்திருக்கும். முதல் பத்து நாள் குனிந்தே போங்கள்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் ஊருணிக் குளியலும் சில வாரத்துக்கு வேண்டாம். தலையில் நல்லெண்ணெய் வைக்க அப்பத்தா கிண்ணத்தோடு வருவார், முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் தளர்வான தொப்பி இல்லாமல் இறங்கவே கூடாது. தொப்பியையும் எப்போது போடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், முதல் சில நாள் அதுவும் உரசக் கூடாது.

கிளம்பும் முன் அறுவைக் குறிப்பை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை கிராஃப்ட், எந்த முறை, என்ன மாத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். சீழோ காய்ச்சலோ வந்தால் சிங்கப்பூரில் உங்கள் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். விமானத்தில் மேல்தட்டிலிருந்து பையை நீங்கள் எடுக்க வேண்டாம், பக்கத்து இருக்கைத் தம்பியைக் கேளுங்கள்.