அம்பது தாண்டுனா பைக்க விக்க வேணாம், ஹேண்டில மாத்துங்க

முதுகு வலின்னு சொன்னதும் வீட்ல ஒரே பேச்சுதான், "அத வித்துட்டு ஸ்கூட்டி எடுங்க"ன்னு. எனக்கு 54 வயசு, இன்னமும் மாசம் ரெண்டு தடவ மதுரை டூ திருச்சி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்லதான் போறேன், அதனால சொல்றேன், கொஞ்சம் பொறுங்க.

வண்டிய சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஏறி உக்காந்து கண்ண மூடி கைய நீட்டுங்க. கை தானா வந்து நிக்கிற எடத்துலதான் கிரிப் இருக்கணும், முழங்கை லேசா மடங்கி இருக்கணும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தா தோளும் கழுத்தும் வலிக்காம என்ன பண்ணும்? ஹேண்டில பிடிச்சிருக்கிற கிளாம்ப் போல்ட்ட லூஸ் பண்ணி ஹேண்டில நம்ம பக்கம் கொஞ்சமா திருப்பி டைட் வச்சிடுங்க, பைசா செலவில்ல.

மணிக்கட்டு வலின்னா கிளட்ச், பிரேக் லிவர கீழ எறக்குங்க, விரல் மணிக்கட்டு முழங்கை மூணும் ஒரே கோட்டுல வரணும்.

இது பத்தலன்னாதான் ரைசர், அதாவது ஹேண்டில ஒசத்தி வைக்க அடியில போடுற கட்டை. நான் ரைசர் போட்டுட்டு ஆக்சிலேட்டர் கேபிள் நீளம் பத்துதான்னு பாக்காம விட்டுட்டேன், தெப்பக்குளத்துகிட்ட யூ டர்ன் அடிக்கிறேன், ஆக்சிலேட்டர தொடவே இல்ல, வண்டி தானா உறுமுது! கேபிள் இழுத்துப் பிடிச்சிருக்கு. அதனால ரைசர் போட்டதும் நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி ஹேண்டில ரெண்டு பக்கமும் ஃபுல்லா ஒடிச்சுப் பாருங்க, சவுண்டு ஏறுனா ரோட்டுக்கே எடுக்காதீங்க. பிரேக் ஆயில் போற ஹோசும் இழுபடக்கூடாது.

சீட்டுக்கு மெத்து மெத்துன்னு ஃபோம் கேக்காதீங்க, அர மணி நேரத்துல அமுங்கி எலும்பு பலகைல இடிக்கும். கொஞ்சம் கெட்டியா, அகலமா போடச் சொல்லுங்க.

கால் தரைல எட்டணும்னு குரூசர் (சீட் தாழ்வா, கால முன்னாடி நீட்டி ஓட்டுற பைக்) பக்கம் போறவங்களும் யோசிங்க. மீட்டியர் 350 குரூசர்தான், அதோட சீட் உயரம் 765 மி.மீ.தான், என்னோடது 805, சிக்னல்ல நிக்க மீட்டியர் சொகம்தான். ஆனா கால் முன்னாடி நீட்டி இருக்கறதால ஸ்பீடு பிரேக்கர்ல எந்திரிச்சு நிக்க முடியாது, அடி பூராவும் நடு முதுகுக்குப் போகும். முட்டி வலிக்காரங்களுக்கு அது சரி, முதுகு வலிக்காரங்க ஒரு மணி நேரமாச்சும் ஓட்டிப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.

கால் தூக்கிப் போட்டு ஏற முடியலயா, சைடு ஸ்டாண்ட்லயே வச்சு, முன் பிரேக்க பிடிச்சுக்கிட்டு, வண்டி நம்ம பக்கம் சாஞ்சிருக்கும்போதே ஏறுங்க. தெருவுல ஆள் இல்லாத நேரமா பாத்து நாலு தடவ பழகிக்கங்க.