படகுக்குள் சென்சார் பதிக்கும்போது சொதப்பும் இடங்கள்

காசிமேட்டில் ஃபைபர் படகு கட்டும் பட்டறை ஒன்றில், ரோவிங் (கண்ணாடி இழைக் கற்றை) அடுக்குகளுக்கு நடுவே கண்ணாடி இழை சென்சாரைப் பதித்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி குனிந்து பார்த்தார். "இன்னா தம்பி, தலைமுடி மாதிரி கீது. இதுவா படகு விரிசல் விட்டா சொல்லும்?"

சொல்லும். அன்றைக்குச் சொல்லவில்லை. இழைகளை ஒட்டும் ரெசின் இறுகியதும் ஓரத்தை கிரைண்டரால் சீவினார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த இழையும் சேர்ந்து போயிற்று. தப்பு என்னுடையதுதான். இழை வெளியே வரும் இடம்தான் பெரும்பாலும் முதலில் உடையும். உள்ளே கெட்டி, வெளியே தொளதொளப்பு, நடுவே ஒரு விளிம்பு. அந்த இடத்தில் மெல்லிய டெஃப்லான் குழாயைப் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி மாட்டி, ரெசின் புகாமல் வாயை அடைக்க வேண்டும். ஓரம் வழியாக எடுக்காமல் மேல்பக்கமாக எடுத்தால் இன்னும் நல்லது. இறுகிய பிறகு மாற்று வழியே கிடையாது.

அடுத்தது, இழையை எந்தத் திசையில் வைக்கிறோம் என்பது. சென்சார் இழையின் தடிமன் மேற்பூச்சு இல்லாமலே 125 மைக்ரான். ரோவிங்கில் உள்ள ஒவ்வொரு கண்ணாடி இழையும் 10 முதல் 20 மைக்ரான்தான். குறுக்கே வைத்தால் பக்கத்து இழைகள் மேடிட்டு, கண் வடிவில் வெறும் ரெசின் தேங்கும். விரிசல் அங்கேயே தொடங்கலாம். வேலியே பயிரை மேய்ந்த கதை. ரோவிங் ஓடும் திசையிலேயே வையுங்கள்.

அதிகம் பேரை ஏமாற்றுவது வெயில். சென்சார் இழைக்குள் பொறித்த நுண்வரிகளான பிராக் கிரேட்டிங், உள்ளே விடும் ஒளியில் ஒரே ஒரு அலைநீளத்தைத் திருப்பி அனுப்பும், வழக்கமாக 1550 நேனோமீட்டர் அளவில். ஒரு மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இழுவைக்கு அது சுமார் 1.2 பிக்கோமீட்டர் நகரும். ஒரு டிகிரி சூட்டுக்கோ சுமார் 10. மணலில் ஏற்றிவைத்த படகு, மே மாதத்தில் காலைக்கும் மதியத்துக்கும் 25 டிகிரி கூடுதலாகச் சுட்டது என்று வையுங்கள். ஒரு கூடை மீன்கூட ஏற்றாமலே திரையில் 200 மைக்ரோஸ்ட்ரெயினுக்கு மேல் தெரியும்! அதே அடுக்கில், ரெசின் ஒட்டாத குழாய்க்குள் தளர்வாக இன்னொரு கிரேட்டிங் இருந்தால் சூட்டின் பங்கைக் கழித்துவிடலாம். செலவு என்று பலர் விடுவது இதைத்தான்.

அழுத்தினால் மின்னழுத்தம் தரும் பீசோ வில்லையை சென்சாராக வைப்பவர்களுக்கு இரண்டு சொல். அது பீங்கான் வகை, ரோலரை அழுத்தி ஓட்டினால் விரிசல் விடும். கார்பன் ஃபைபரில் வைப்பதானால் கீழே மெல்லிய கண்ணாடித் துணி போடுங்கள். கார்பன் மின்சாரம் கடத்தும், ஷார்ட் ஆகிவிடும்.

அப்புறம், படகு கடலுக்குப் போகும் முன்பே, நல்ல நிலையில், காலையிலும் மதியத்திலும் அளவெடுத்து வையுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாமல் வரும் எண்ணை வைத்து என்ன செய்ய? அடிபட்ட இடத்தில் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வைத்து ஒட்டுப் போட்டால் அங்கே விறைப்பு மாறிவிடும். பழைய அளவு செல்லாது, புதிதாக எடுக்க வேண்டும்.